யாருடைய காத்திருப்பு

கணினி தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும் என்று எங்காவது வாசித்தால் முதலில் எனக்கு மகிழ்ச்சிதான் வரும். அதன் பின்னாலேயே ஓர் உறுத்தலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். சில காலமாக அந்த உறுத்தல் எழுந்து போவதாக இல்லை. சீர் என்றால் எதற்குச் சீர், யாருக்குச் சீர் என்பதுதான் அது. இயங்குதளத்தின் அடியில் கெர்னல் என்றொரு கரு இருக்கிறது. எந்தத் திரையிலும் அது தலைகாட்டுவதில்லை. எந்த நிரலுக்கு இப்போது ப்ராசசரைக் கொடுப்பது, நினைவகம் நிரம்பினால் எதை வெளியே தள்ளுவது, வலையில் வந்து சேர்ந்த பொதியை எவ்வளவு நேரம் வரிசையில் நிறுத்திவைப்பது என்பதையெல்லாம் நாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் பலமுறை அது தீர்மானித்துவிடுகிறது. அந்தத் தீர்மானங்களுக்குப் பின்னால் எண்கள் உண்டு. ஒரு சாதாரண லினக்ஸ் கணினியில் இப்படித் திருகிப் பார்க்கக்கூடிய அமைப்புகளைப் பட்டியலிட்டால் ஆயிரத்தை ஒட்டி வரும். அவற்றில் ஸ்வாப்பினஸ் என்ற ஒன்றின் இயல்பான மதிப்பு 60. நினைவகம் நெருக்கடிக்குள்ளாகும்போது நிரல்களின் பக்கங்களை வட்டுக்குத் தள்ளுவதா, கோப்புகளுக்காக வைத்திருக்கும் இடத்தை விட்டுக்கொடுப்பதா என்ற சாய்வைச் சொல்லும் எண் அது. உலகத்தின் பெரும்பாலான இயந்திரங்களில் அதை எவரும் தொட்டதேயில்லை. எங்கோ ஒருவர் ஒரு நாள் இட்ட எண்ணுக்குள் இருந்துகொண்டு கோடிக்கணக்கானவர்கள் தங்கள் கணினி வேகம், மெதுவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் திருகுகளை மனிதக் கையால் சரிசெய்வது பெரிய வித்தை. அந்த வித்தை தெரிந்தவர்கள் கொழும்பில் உண்டு, சென்னையில் உண்டு, பெரிய வங்கிகளின் இயந்திர அறைகளில் உண்டு. தெரணியகலைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டப் பாடசாலையின் கணினி அறைக்கு அவர்களில் யாரும் வரப்போவதில்லை. பழைய கணினிகள், பாசி ஏறிய சுவர், மழைக்காலத்தில் விசைப்பலகையின் கீழே படியும் ஈரம், மின்சாரம் போய் வந்ததும் மீண்டும் எழ நெடுநேரம் எடுக்கும் திரை. அங்கே படித்துவிட்டுப் பின்னால் சேவையகங்களோடு பிழைப்பு நடத்தும் ஒருவனாகச் சொல்கிறேன்: தானே சீராகும் கெர்னல் என்ற எண்ணத்தில் ஒரு நீதி இருக்கிறது. 1998இல் பிட்ஸ்பர்க் மீக்கணினி நிலையத்தைச் சேர்ந்த செம்கி, மஹ்தவி, மாதிஸ் ஆகிய மூவரும் இணையத்தின் டிசிபி இணைப்புகளின் இடைச்சேமிப்பு அளவைக் கணினியே பார்த்துக் கூட்டிக் குறைக்கும் வழியை எழுதினார்கள். அதுவரை தொலைதூர இணைப்பில் முழு வேகம் பெற வேண்டுமென்றால் இந்த அளவுகளை அறிந்த ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது. வித்தை தெரிந்தவர்கள் பெறும் வேகத்துக்கும் மற்றவர்கள் பெறும் வேகத்துக்கும் இடையில் விழுந்திருந்த பள்ளத்தைப் பற்றி மாதிஸ் தொடர்ந்து பேசினார். பிறகு லினக்ஸ் இதைத் தன் இயல்பாகவே ஆக்கிக்கொண்டது. இன்று எட்டியாந்தோட்டையில் ஒருத்தி தன் கைபேசியில் ஒரு கோப்பை இறக்கும்போது, கேட்காமலே, தெரியாமலே அந்த வித்தை அவளுக்கும் நடக்கிறது. தானியங்கி என்றாலே சந்தேகப்படுவோரோடு நான் சேர முடியாததற்கு இது ஒரு காரணம். என் உறுத்தல் அதற்கு அப்பால் இருக்கிறது.

இலங்கையிலேயே இதற்கு அண்டையில் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. அதை நம்மவர்கள் அதிகம் பேசியதில்லை. 2015இல் மொறட்டுவ பல்கலைக்கழகத்தில் சனத் ஜயசேனவும் அவருடைய மாணவர்களும் ஜாவா மெய்நிகர் இயந்திரத்தைத் தானாகச் சீராக்கும் ஒரு கருவியைச் செய்து ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். அது கெர்னல் இல்லை, கெர்னலுக்கு ஒரு படி மேலே நிற்பது. ஆனால் நோய் ஒன்றுதான். ஹாட்ஸ்பாட் என்ற அந்த இயந்திரத்தில் 600க்கு மேற்பட்ட திருகுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிலை என்று வைத்துக்கொண்டாலும் எல்லாச் சேர்க்கையையும் சோதித்துப் பார்க்கப் பிரபஞ்சத்தின் வயது போதாது. அதற்கு முன் வந்தவர்கள் சில திருகுகளை மட்டும் பொறுக்கி எடுத்துச் சோதித்தார்கள். மொறட்டுவக்காரர்கள் அனைத்தையும் எடுத்து ஒரு மரமாக அடுக்கினார்கள். பயன் முடிந்த நினைவகத்தை எந்த முறையில் மீட்பது என்பதை முதலில் தேர்ந்துவிட்டால், வேறு முறைகளுக்குரிய கிளைகள் முழுவதையும் பார்க்கவே வேண்டியதில்லை; தேடும் காடு சுருங்கிவிடுகிறது. எளிமையும் அழகும் கொண்ட சிந்தனை. ஒவ்வொரு நிரலுக்கும் அதிகபட்சம் 200 நிமிடத் தேடலில், ஸ்பெக்ஜேவிஎம் என்ற சோதனைத் தொகுப்பின் 16 நிரல்கள் சராசரியாக 19 விழுக்காடு மேம்பட்டன. மூன்று மட்டும் 63, 51, 32 என்று பாய்ந்தன. டக்காப்போ என்ற இன்னொரு தொகுப்பின் 13 நிரல்களில் சராசரி 26, உச்சம் 42. பணம் கொழுத்த ஆய்வுக்கூடங்கள் இல்லாத ஒரு தீவிலிருந்து இது வந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்த எண்களோடுதான் என் தயக்கமும் தொடங்குகிறது. 19 என்ற சராசரிக்குள் 63ம் இருக்கிறது, அப்படியானால் 19ஐத் தொடாத நிரல்களும் அதே சராசரிக்குள் இருக்கின்றன. 16 நிரல்கள் என்றால் பெயர் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், அவர்கள் பார்த்தும் இருக்கிறார்கள். 16 இலட்சம் மனிதர்களின் வேண்டுகோள்களை ஒரு சேவையகம் தாங்கும்போது யார் ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறார்கள்?

தானியங்கிச் சீராக்கம் எதுவானாலும் அதன் நடுவில் ஒற்றை எண் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதைக் கூட்டு, அல்லது குறை. இயந்திரத்துக்கு இடப்படும் கட்டளை அவ்வளவுதான். நொடிக்கு எத்தனை வேண்டுகோள், ஒரு வேலை முடிய எத்தனை நிமிடம், எவ்வளவு மின்சாரம். அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இயந்திரம் செய்வதில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டிய விஷயமில்லை. கொழுந்து மடுவத்தில் தராசின் முன்னால் நிற்கும் வரிசை எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பழகியது. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஓர் அளவு இருக்கும். எட்டினால் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம். எட்டாவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம். மலை எவ்வளவு செங்குத்து, எத்தனை அட்டை ஏறியது, காலையில் எத்தனை மணிவரை மழை நின்று பெய்தது, மரம் கவ்வாத்து பண்ணி எத்தனை மாதம் என்பவற்றில் எதுவும் தராசில் ஏறாது. ஈரக் கொழுந்தென்றால் தண்ணிக்குக் கழிவு மட்டும் ஏறும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது, பல தோட்டங்களில் நாள் அளவின் கிலோவைக் கூட்டிவிட்டார்கள் என்ற முறைப்பாடு மலைநாடெங்கும் எழுந்தது. எண் தன்னைத்தானே சீர்செய்துகொண்டது என்று கம்பனியின் பக்கமிருந்து பார்த்தால் சொல்லலாம். தராசு பொய் சொல்லவில்லை, கணக்கப்பிள்ளை பிழையாக எழுதவில்லை. எதை நிறுப்பது என்று முடிவெடுத்த இடத்தில் கூடை சுமந்தவள் இருக்கவில்லை, அவ்வளவுதான். இந்த ஒப்புமையை நான் அதிகம் இழுக்க விரும்பவில்லை; மனித முதுகும் ப்ராசசரின் சுழற்சியும் ஒன்றாகிவிடாது. ஆனால் அளவுகோலின் முன்னால் நின்று பழகியவர்களுக்கு ஒரு கூர்மை வாய்த்திருக்கிறது என்பதை நான் நம்புகிறேன், அந்தக் கூர்மை கணினித்துறைக்குள் இன்னும் போதிய அளவு வரவில்லை என்றும் நம்புகிறேன்.

கெர்னலில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. மொறட்டுவவில் செய்ததுபோல ஒரு நிரலை ஆய்வுக்கூடத்தில் ஓடவிட்டு, திருகை மாற்றி, மறுபடி ஓடவிடலாம். தோற்ற சோதனையால் எவருக்கும் நட்டமில்லை. உயிரோடு ஓடும் கெர்னலில் தேடல் நடந்தால் ஒவ்வொரு தவறான முயற்சியும் யாரோ ஒருவரின் நேரத்தில்தான் நடக்கும். 2005 ஜனவரியில் ஐபிஎம் நிறுவனத்தின் ஜேக் மோய்லனென் மரபியல் வழிமுறை ஒன்றைக் கெர்னலுக்குள்ளேயே எழுதிக் கொண்டுவந்தார். வெவ்வேறு அமைப்பெண்களைக் கொண்ட தொகுதிகள் ஒவ்வொன்றாகச் சிறிது நேரம் ஓடும். நன்றாக ஓடியவை தங்கும், மோசமானவை ஒழிந்து அவற்றின் இடத்தில் நல்லவற்றின் கலப்பில் பிறந்தவை வரும். கிடைத்த மேம்பாடு ஒருசில விழுக்காடுதான். அது முதன்மைக் கெர்னலில் சேரவுமில்லை. அந்த ஒழியும் தொகுதிகளைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு மோசமான தொகுதி ஓடிய அந்தச் சில கணங்களில் யார் விசையை அழுத்திவிட்டுக் காத்திருந்தார்? தேடலுக்கு அது தெரியாது. அது தெரிய வேண்டும் என்று யாரும் அதனிடம் கேட்கவுமில்லை. 2007இல் நடந்த இன்னொரு பிணக்கு இதைவிட எனக்கு நெருக்கமானது. கான் கோலிவாஸ் ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து மருத்துவர். ஓய்வு நேரத்தில் கெர்னலின் நேரப்பங்கீட்டைத் திருத்தி எழுதிவந்தார். அவருடைய குறை இது: பெரிய இயந்திரங்களின் வேகத்துக்கு நூறு அளவுகோல் இருக்கின்றன, வீட்டு மேசையில் பாட்டு கேட்டுக்கொண்டிருப்பவருக்கு நடுவில் ஒரு விக்கல் விழுந்தால் அதை அளக்க ஒன்றுகூட இல்லை. அளவில் வராத துன்பத்தைச் சொன்னால், சொல்பவரின் பிரமை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆகவே அந்த விக்கலை அளக்க இன்டர்பெஞ்ச் என்ற கருவியை அவரே எழுதினார். அந்த ஆண்டு இங்கோ மோல்னாரின் புதிய பங்கீட்டுமுறை கெர்னலுக்குள் போனது. நியாயமான பங்கீடு என்ற கருத்துக்கு கோலிவாசின் பெயரை மோல்னார் குறிப்பிட்டார். கோலிவாசோ மனம் சோர்ந்து சில காலம் விலகிப் போனார். அவர் எழுதிய பங்கீட்டுமுறையைவிட அவர் செய்த அளவுகோலே பெரிய கொடை என்று எனக்குத் தோன்றுகிறது.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது சப்ரகமுவத் தோட்டங்களில் பிள்ளைகள் அலைவரிசை கிடைக்கும் பாறையையும் மேட்டையும் தேடி ஏறினார்கள். அந்தப் படங்கள் அன்றைய செய்திகளில் வந்தன, நம் பரிதாபமும் வந்து போனது. அலைவரிசை கிடைத்த பிறகு நடந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை. வீட்டில் ஒரே ஒரு கைபேசி, அதுவும் கொழும்பில் வேலைசெய்யும் அண்ணன் பாவித்துவிட்டுக் கொடுத்தது. நினைவகம் ஒரு ஜிபி. ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடத்தாளைத் திறந்து பார்த்துவிட்டு, உலாவியில் பாதி நிரப்பிவைத்த வினாத்தாளுக்குத் திரும்பினால் பக்கம் வெள்ளையாக நிற்கிறது. எழுதிய விடைகள் போய்விட்டன. பக்கம் மறுபடி இறங்க வேண்டும், டேட்டாவுக்கு மறுபடி காசு வேண்டும். பிள்ளை தன் விரல் எங்கோ பிழையாகப் பட்டுவிட்டதென்று நினைக்கிறது. உண்மையில் அங்கே ஒரு தீர்மானம் நடந்திருக்கிறது. நினைவகம் குறையும்போது எந்தச் செயலியைக் கொல்வது என்று பார்க்க ஆண்ட்ராய்டில் ஒரு காவலாள் உண்டு. முன்பு கெர்னலுக்குள்ளேயே இருந்தது, இப்போது வெளியே நின்று கெர்னல் தரும் அளவீடுகளைப் பார்த்து வேலைசெய்கிறது. கண்முன் இருக்கும் செயலிக்கு மதிப்பெண் 0, பின்னால் போய்ச் சும்மா கிடப்பவற்றுக்கு 900க்கு மேல். மதிப்பெண் கூடியது முதலில் சாகும். பெரும்பாலானவர்களுக்கு, பெரும்பாலான நேரம், இது சரியான விதி. பின்னால் தள்ளப்பட்ட செயலி பெரும்பாலும் மறக்கப்பட்ட செயலிதான். இரண்டு செயலிகளுக்கு நடுவில் முன்னும் பின்னும் போய்வந்து பாடம் எழுதும் பிள்ளைக்கு மட்டும் அது சரியில்லை. நினைவகம் பெரிதாக உள்ள கைபேசியில் இந்த விதி தப்பாகப் போகும் சந்தர்ப்பமே அரிது. விதியை எழுதுகிறவர்களின் கையில் இருப்பதும் அப்படிப்பட்ட கைபேசிதான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, அலட்சியம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளை அளவுக்குள் இல்லை.

இதே இடத்தில் எனக்கு நம்பிக்கை தந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2018 கடைசியில் வந்த 4.20 கெர்னலில், பேஸ்புக்கில் பணிபுரிந்த ஜோகான்னஸ் வைனர் ஒரு புதிய அளவீட்டைச் சேர்த்தார். நினைவகத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதை விட்டு, நினைவகத்துக்காக நிரல்கள் வேலையின்றி எவ்வளவு நேரம் காத்து நின்றன என்று பார்க்கும் அளவீடு அது. இதே திருப்பம் வலைப்பின்னலில் அதற்கு முன்பே நிகழ்ந்திருந்தது. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் கண்டறிந்தது என்னவென்றால், பொதிகள் தொலையக்கூடாது, பாதை முழுக் கொள்ளளவில் ஓட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எல்லோரும் வழியெங்கும் இடைச்சேமிப்பைப் பெருக்கிவைத்திருந்தார்கள், அதனால் வரிசை நீண்டு காத்திருப்பு பெருகியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு ஒரு மெகாபிட் தரும் மெலிந்த இணைப்பில் 256 கிலோபைட் வரிசை நிரம்பி நின்றால், கடைசியாக வந்து சேரும் ஒரு சிறு செய்தி இரண்டு நொடி காத்திருக்க வேண்டும். முன்னால் நிற்பது யாரோ இறக்கும் சினிமாப் படமாக இருக்கும், பின்னால் நிற்பது ‘அம்மா, வீட்டை விட்டு வெளியே வாங்க’ என்ற ஒற்றை வரியாக இருக்கும். 2012இல் கேத்லீன் நிக்கல்சும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது கேட்பதில்லை. ஒவ்வொரு பொதியும் எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்கிறது. 100 மில்லிநொடி முழுவதும் எந்தப் பொதியும் 5 மில்லிநொடிக்குள் வெளியேற முடியாமல் நின்றால், வரிசை தேங்கிவிட்டதென்று எடுத்துக்கொண்டு பொதிகளை உதறத் தொடங்குகிறது. யாரும் திருகைத் தொட வேண்டியதில்லை. அதே ஆண்டு எரிக் டூமசே அதை லினக்சில் எழுதியபோது ஒவ்வொரு ஓட்டத்தையும் தனி வரிசையாகப் பிரித்து, சிறு ஓட்டங்கள் முதலில் போகவும் வழி செய்தார். டேவ் டாட் 2025இல் இறக்கும்வரை இதை ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் கொண்டுசேர்க்க ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். இவர்கள் யாருக்கும் தெரணியகலை தெரியாது. ஆனாலும் காத்திருப்பவரின் பக்கமிருந்து அளந்ததால் அவர்களுடைய தானியங்கி அங்கே காத்திருப்பவளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

அந்த ஒற்றை வரியை நான் சும்மா எழுதவில்லை. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்தின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் வைகாசி மழை தொடங்கினால் இரவில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கைபேசி வெளிச்சம் எரியும். அன்றைய சுமை வேறெந்த நாளின் சுமையைப் போலவும் இராது. அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ளும் எந்தச் சீராக்கியும் வருடத்தின் மற்ற நாட்களிலிருந்துதான் கற்றிருக்கும்: காலையில் வாட்ஸ்அப், இரவில் நாடகம், ஞாயிற்றுக்கிழமையில் கிரிக்கெட். ஓராண்டின் சராசரியில் அந்த ஓர் இரவு ஒரு துளிகூட இல்லை. அந்த இரவுக்காகவே அலைபேசிக் கோபுரத்தையும் கைபேசியையும் அமைத்துவைத்தால் மற்ற நாட்களில் சற்று மெதுவாக இருக்கும், எந்த வரைபடத்திலும் அது தோல்வியாகத் தெரியும். அரிதாக வருவதற்காக அன்றாடத்தை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதைத் தேடல் வழிமுறை எதுவும் கண்டுபிடித்துத் தராது. அது உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டியது. பேசுவதற்கு எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் எல்லைகள் 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர், 100, 150. முதலாவதில் விழித்திரு, இரண்டாவதில் ஆயத்தமாகு, மூன்றாவதில் வெளியேறு. இந்த எண்கள் எல்லா மலைக்கும் ஒரேபோல் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பொருந்தாது என்று ஒரு கங்காணிகூட வாதாடலாம். வாதாட முடிகிறது என்பதே இங்கே முக்கியம். மழைமானியை அவரே முற்றத்தில் வைத்துப் பார்க்கலாம். தானே சீராகும் கெர்னலோடு யார் வாதாடுவது? ஆரக்கிள் நிறுவனத்திலிருந்து 2023 வாக்கில் வந்த பிபிஎஃப்டியூன் என்ற கருவி இதில் எனக்குச் சற்று ஆறுதல் தருகிறது. எப்போதும் பின்னணியில் ஓடி டிசிபி இடைச்சேமிப்பு போன்றவற்றைக் கூட்டிக் குறைக்கிறது. எதை மாற்றியது, ஏன் மாற்றியது என்று பதிவேட்டில் எழுதிவைக்கிறது. மனிதர் ஒருவர் அதே திருகைத் தொட்டால், அதிலிருந்து கையை எடுத்துக்கொள்கிறது. காரணம் சொல்லும், விலகி நிற்கும் தானியங்கி. இதைவிடக் குறைந்த எதையும் நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாதென்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதிவேட்டைத் திறந்து வாசிக்கத் தெரிந்தவர் தோட்டத்தில் யார் என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல் ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் இருக்கிறது. அதைச் சுற்றிய மலைகளில் தேயிலை, கீழே இறங்கினால் இறப்பர். அங்கே கணினி படிக்கும் மாணவர்களில் லயன் வீட்டிலிருந்து போனவர்களும் இருப்பார்கள். மொறட்டுவக்காரர்கள் உலகத் தொகுப்புகளை எடுத்துச் சோதித்தார்கள். அவர்கள் செய்யவேண்டியிருந்தது அதுதான், ஒப்பிட வேறு வழியில்லை. இனிச் செய்யவேண்டியது அந்தத் தொகுப்பையே புதிதாக எழுதுவது. ஒரு ஜிபி நினைவகம், அரைகுறை அலைவரிசை, பாடத்தாளுக்கும் வினாத்தாளுக்கும் நடுவே அலையும் ஒரு விரல், மழை இரவில் ஒரே கோபுரத்தின் மேல் விழும் முழுத் தோட்டத்தின் அழைப்புகள், இவற்றை அப்படியே பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஓட்டக்கூடிய சோதனையாக ஆக்க முடியும். கோலிவாஸ் தனியாளாக, வேறு தொழில் செய்துகொண்டே ஒரு விக்கலுக்கு அளவுகோல் செய்தார். அப்படியொரு தொகுப்பு உலகத்தின் கெர்னல்காரர்கள் முன் போய் நின்றால், அவர்களுடைய எந்தச் சீராக்கியும் அதன் மேலும் ஓடிக் காட்டியே ஆக வேண்டும். அதிலும் எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. பதிவுசெய்வதற்கு யாருடைய கைபேசியை எடுப்போம்? பாறைமேல் ஏறக்கூடிய பிள்ளையுடையதையா, ஏற முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட அவளுடைய தங்கச்சியுடையதையா? இரண்டையும் எடுத்தால் எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது? இதை நானோ பல்கலைக்கழகமோ அறைக்குள் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. தோட்டத்துக்குப் போய், வேலை முடிந்து பெண்கள் திரும்பும் நேரத்தில் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.